பேசவும் ஒரு போன், செஸ் ஆடவும் அதே போன்! எதைப் பார்த்து வாங்குவது?

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று ஒரு பழமொழி உண்டு.

செல்போன் வாங்கக் கடைக்குப் புறப்படும் பல குடும்பங்களின் நிலை இன்று இதுதான். வெளியூரில் இருப்பவரோடு பேச வீட்டுக்கு ஒரு போன் வேண்டும். பிள்ளையோ, "செஸ் ஆடுவதற்கு ஏற்ற போனாக வாங்குங்கள்" என்கிறது. கையில் இருப்பது ஒரே ஒரு போனுக்கான பணம்.

கூழும் குடிக்க வேண்டும். மீசையும் நனையக் கூடாது. முடியுமா?

முடியும். ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்த்து வாங்க வேண்டும். கடையில் பெருமையாகச் சொல்லப்படும் விஷயங்கள் வேறு. வீட்டுக்குத் தேவையான விஷயங்கள் வேறு. அவை என்ன என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆசை எங்கிருந்து வந்தது?

பிள்ளைகளுக்கு வந்திருக்கும் செஸ் ஆசையில் வியப்பு இல்லை. தமிழ்நாட்டில் அதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

2013-ம் ஆண்டு நவம்பர் மாதம் சென்னையில் உலக சாம்பியன் போட்டி நடந்தது. நம் விஸ்வநாதன் ஆனந்தும் நார்வே நாட்டின் கார்ல்சனும் மோதினார்கள். ஆனந்த் தோற்றார். ஆனால் அதே ஆண்டில் சென்னையில் 7 வயதுச் சிறுவன் ஒருவன் செஸ் கற்கத் தொடங்கினான். அவன் பெயர் குகேஷ். 2024-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி, சிங்கப்பூரில், சீன வீரர் டிங் லிரனை வென்று குகேஷ் உலக சாம்பியன் ஆனார். அப்போது அவருக்கு வயது 18.

இடையில், 2022-ம் ஆண்டு மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. வேட்டி கட்டிய குதிரை "தம்பி" ஊர் ஊராகச் சுவரிலும் பஸ்ஸிலும் வணக்கம் சொன்னது.

அந்தக் குதிரை தாமிரபரணிக் கரைக்கும் வந்தது. பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை, பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் செஸ் என்ற சொல் புழங்கத் தொடங்கிவிட்டது. செஸ் பலகையை விட செல்போன்தான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆகவே போனில் ஆடுகிறார்கள்.

அதே போனில்தான் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் தகப்பனாரின் அழைப்பும் வர வேண்டும். அதே போனில்தான் ஆஸ்பத்திரியிலிருந்தும், பள்ளிக்கூடத்திலிருந்தும், பீடிக் கம்பெனியிலிருந்தும் தகவல் வர வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

பழைய உறவு

தூரத்தில் இருப்பவரோடு பேசும் சாதனத்தில் செஸ் ஆடுவது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல.

1844-ம் ஆண்டு அமெரிக்காவில் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் தந்திக் கம்பி போட்டார்கள். அதே ஆண்டு அந்தக் கம்பி வழியாகச் செஸ் ஆடிவிட்டார்கள்! 1945-ம் ஆண்டு அமெரிக்காவும் ரஷ்யாவும் வானொலி அலை வழியாக மோதின. 15½-க்கு 4½ என்ற கணக்கில் ரஷ்யா வென்றது.

1970-ம் ஆண்டு ஜூன் மாதம், சோயுஸ்-9 விண்கலத்தில் பறந்துகொண்டிருந்த இரண்டு ரஷ்ய வீரர்கள், பூமியில் இருந்தவர்களோடு வானொலியில் பேசிப் பேசியே ஒரு ஆட்டம் ஆடினார்கள். ஆட்டம் சமமாக முடிந்தது.

அவ்வளவு ஏன்? தபால் கார்டில் நகர்வை எழுதி அனுப்பி, பதில் கார்டுக்காகக் காத்திருந்து ஆடியவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். பேச்சும் செஸ்ஸும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. சரியாக ஏற்பாடு செய்தால் இரண்டும் ஒரே சாதனத்தில் குடித்தனம் நடத்தும்.

வேகத்துக்குப் பணம் வேண்டாம்

கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது வேகம்தான். "இது அதிவேக போன். கேம் ஆட இதுதான் சரி" என்பார்கள். விலையும் அதற்கேற்ப ஏறும்.

மோட்டார் பந்தயம், துப்பாக்கிச் சண்டை போன்ற ஆட்டங்களுக்கு அது உண்மையாக இருக்கலாம். செஸ்ஸுக்கு உண்மை அல்ல.

1997-ம் ஆண்டு உலக சாம்பியன் காஸ்பரோவை "டீப் புளூ" என்ற கம்ப்யூட்டர் தோற்கடித்தது. அந்த யந்திரத்தின் எடை ஒரு டன்னுக்கு மேல். சட்டைப் பையில் அல்ல, லாரியில்தான் ஏற்ற வேண்டும்!

12 ஆண்டுகள் கழிந்தன. 2009-ம் ஆண்டு அர்ஜென்டினா நாட்டில் ஒரு செஸ் போட்டி நடந்தது. அதில் செல்போனில் ஓடும் ஒரு செஸ் புரோகிராம் கலந்துகொண்டது. 10 ஆட்டங்களில் 9 வெற்றி, 1 சமன். முதல் பரிசு அதற்குத்தான். கிராண்ட்மாஸ்டர் அளவு பலம் அன்றே ஒரு செல்போனுக்கு வந்துவிட்டது.

இன்று கடையில் கிடைக்கும் சாதாரண விலை ஸ்மார்ட்போன் அந்த போனை விட வேகம் கூடியது. ஆகவே செஸ்ஸுக்காக என்று வேகத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பது, ஆட்டுக்குட்டியை ஏற்றி வர லாரி பிடிப்பது போன்றது.

ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள்

பார்க்க வேண்டியது திரை. செஸ் பலகையில் ஒரு வரிசைக்கு 8 கட்டங்கள். போனை நிமிர்த்திப் பிடித்து, திரையின் அகலத்தைப் பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்து, 8-ஆல் வகுங்கள். ஒரு கட்டத்தின் அளவு தெரிந்துவிடும்.

2.4 அங்குலத் திரை உள்ள சிறிய பட்டன் போனில் ஒரு கட்டம் சுமார் 4½ மில்லிமீட்டர். ஒரு பச்சரிசியின் நீளம் கூட இல்லை. யானையும் சிப்பாயும் ஒன்று போலத் தெரியும்.

6½ அங்குல ஸ்மார்ட்போனில் ஒரு கட்டம் சுமார் 8½ மில்லிமீட்டர். பிள்ளையின் விரல் நுனிக்கு இது ஒருவாறு போதும். பெரியவர் விரலுக்குச் சற்று நெருக்கம்.

10 அங்குல டேப்லட்டில் ஒரு கட்டம் சுமார் 17 மில்லிமீட்டர். ஆடுவதற்கு அருமை. கண்ணுக்கும் சுகம். ஆனால் அதைக் காதில் வைத்துப் பேச முடியாது. பல டேப்லட்டுகளில் சிம் போடவே இடம் இல்லை. சிம் போடும் டேப்லட் சிலவற்றில் இன்டர்நெட் மட்டுமே வரும். போன் பேச வராது. பேச வந்தாலும் ஒலிபெருக்கியில்தான் பேச வேண்டும். வீட்டு ரகசியம் தெருக் கோடி வரை கேட்கும்!

பேசவும் ஆடவும் ஒரே சாதனம் என்றால், 6½ அங்குல ஸ்மார்ட்போனே நடுவழி.

ஆட்டத்தின் நடுவே அழைப்பு வந்தால்?

இதைக் கடையில் யாரும் கேட்பதில்லை. ஆனால் நம் கேள்விக்கு இதுவே உயிர்.

பிள்ளை இன்டர்நெட்டில் 10 நிமிட ஆட்டம் ஆடிக்கொண்டிருக்கிறது. அப்பாவின் அழைப்பு வருகிறது. போனை எடுக்கிறார்கள். ஆட்டத்தின் கடிகாரம் நிற்காது. அது ஓடிக்கொண்டே இருக்கும். நேரம் தீர்ந்தால் தோல்விதான்.

சில போன்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. பேச ஆரம்பித்ததும் இன்டர்நெட் அறுந்துவிடும். 4ஜி அலையிலேயே பேச்சும் போகும் வசதிக்கு "வோல்ட்டி" என்று பெயர். அந்த வசதி இருந்தால் பேசும்போதும் இன்டர்நெட் நிற்காது. இல்லாவிட்டால் போன் பழைய 2ஜி அல்லது 3ஜி அலைக்கு இறங்கும். அப்போது இன்டர்நெட் நின்றுபோகும், அல்லது நொண்டும்.

இரண்டு சிம் போடுகிறவர்களுக்கும் ஒரு சொல். ஒரு சிம்மில் பேச்சு, இன்னொரு சிம்மில் இன்டர்நெட் என்று வைத்தால், பேசும் நேரத்தில் பல போன்களில் இன்டர்நெட் நின்றுவிடும். அழைப்பு வரும் சிம்மிலேயே இன்டர்நெட்டையும் வைத்துக்கொள்வது நல்லது.

இன்டர்நெட் அறுந்தால் பெரிய வீரர்களே தோற்கிறார்கள். 2020-ம் ஆண்டு கொரோனா காலத்தில் செஸ் ஒலிம்பியாட் இன்டர்நெட்டில் நடந்தது. இறுதிச் சுற்றில் இந்தியாவும் ரஷ்யாவும் மோதின. நடுவே இன்டர்நெட் தொடர்பு அறுந்து, இந்திய வீரர்கள் இருவர் நேரம் தீர்ந்து தோற்றார்கள். கடைசியில் இரு நாடுகளுக்கும் தங்கப் பதக்கம் என்று அறிவித்தார்கள். நம் வீட்டு ஆட்டத்துக்கு அப்படித் தீர்ப்புச் சொல்ல யாரும் வர மாட்டார்கள்.

இதற்கு வழி உண்டா? உண்டு. வீட்டுக்கு ஒரே போன் என்றால், கடிகார ஆட்டத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஒரு நகர்வுக்கு ஒரு நாள், மூன்று நாள் என்று அவகாசம் தரும் ஆட்டமும் செயலிகளில் இருக்கிறது. தபால் கார்டு செஸ்ஸின் பேரப்பிள்ளை அது. அழைப்பு வந்தால் பேசிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, பிறகு நகர்த்தலாம். இன்டர்நெட் இல்லாமல் போனோடேயே மோதும் ஆட்டமும் உண்டு. அதற்கு அலையும் வேண்டாம், அவசரமும் வேண்டாம்.

ஸ்ரீவைகுண்டம் கற்பித்த பாடம்

அடுத்தது பாட்டரி. இதை நெல்லை, தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் வானம் பிளந்துகொண்டது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரெயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. அதில் சுமார் 800 பயணிகள். சுற்றிலும் வெள்ளம். பக்கத்து ஊர் மக்கள் சோறு கொடுத்துக் காப்பாற்றினார்கள்.

பல ஊர்களில் மின்சாரம் நின்றது. செல்போன் தொடர்பும் பல இடங்களில் அறுந்தது. தொடர்பு திரும்பி வந்தபோது யாருடைய போனில் சார்ஜ் மிச்சம் இருந்ததோ, அவரால்தான் "உயிரோடு இருக்கிறோம்" என்று சொல்ல முடிந்தது.

போனில் பேசும்போது திரை அணைந்திருக்கும். செஸ் ஆடும்போது திரை எரிந்துகொண்டே இருக்கும். பாட்டரியை அதிகம் தின்பது திரைதான். ஆடி முடித்த ஆட்டத்தைப் போனையே ஆராயச் சொன்னால் இன்னும் வேகமாகச் சார்ஜ் இறங்கும், போனும் சுடும்.

ஆகவே, பாட்டரி 5,000 எம்.ஏ.எச். அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் ஒரு சட்டமும் போடுங்கள். மூன்றில் ஒரு பங்கு சார்ஜ் எப்போதும் அழைப்புக்கு. அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் ஆட்டம் நிற்க வேண்டும். மழைக்காலத்தில் பாதிச் சார்ஜிலேயே நிறுத்திவிடுங்கள்.

பணம் பிடுங்கும் ஆட்டம் வேண்டாம்

செஸ் ஆடக் காசு தேவையில்லை. "லிசெஸ்" என்ற செயலி முழுவதும் இலவசம். விளம்பரமும் கிடையாது. பிரான்ஸ் நாட்டில் லாப நோக்கமில்லாத ஒரு சங்கம் அதை நடத்துகிறது. "செஸ்.காம்" என்பதும் புகழ் பெற்றது. அதில் இலவசமாகவும் ஆடலாம். கூடுதல் வசதிக்குச் சந்தா உண்டு.

பெயர் தெரியாத செயலிகளில் விளம்பரம் குதித்துக் குதித்து வரும். பிள்ளை தெரியாமல் அதைத் தொட்டால் வேறெங்கோ கொண்டுபோய் விடும். பணம் அனுப்பும் செயலியும் அதே போனில்தான் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அதன் ரகசிய எண் பிள்ளைக்குத் தெரியக் கூடாது.

"பணம் கட்டி ஆடு, பணம் வெல்லு" என்று அழைக்கும் ஆட்டங்களை மத்திய அரசு 2025-ம் ஆண்டு சட்டம் போட்டுத் தடை செய்தது. அப்படி யாராவது அழைத்தால் அது செஸ் அல்ல, தூண்டில். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும்.

செஸ் நகர்வுகளுக்கு இன்டர்நெட் மிகக் கொஞ்சமே செலவாகும். செஸ் வீடியோ பார்ப்பதுதான் டேட்டாவைத் தின்னும்.

போட்டிக்குப் போனால் போனே பகை!

போனில் ஆடிப் பழகிய பிள்ளை, ஒரு நாள் உண்மையான போட்டிக்குப் போகும். அங்கே போன் கூடாது!

2003-ம் ஆண்டு ஐரோப்பாவில் நடந்த ஒரு போட்டியில், அப்போது ஃபிடே உலக சாம்பியனாக இருந்த பொனோமரியோவின் செல்போன் ஆட்டத்தின் நடுவே மணி அடித்தது. அவ்வளவுதான். அவர் தோற்றதாகத் தீர்ப்பு! 2019-ம் ஆண்டு பிரான்சில் ராவ்சிஸ் என்ற கிராண்ட்மாஸ்டர், ஆட்டத்தின் நடுவே கழிவறையில் போனைப் பார்த்து மாட்டிக்கொண்டார். அவருடைய பட்டமே பறிபோனது.

இன்றைய விதிப்படி, அனுமதி இல்லாமல் ஆடும் இடத்தில் போன் வைத்திருந்தாலே ஆட்டம் போய்விடும். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடப் போட்டி நடந்தாலும் சரி, பாரிசில் நடந்தாலும் சரி, போன் பெற்றோர் கையில் வெளியே இருக்கட்டும்.

பலகையும் வேண்டும்

இன்னொரு காரணத்துக்காகவும் போனை மட்டும் நம்பக் கூடாது. குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, ஆரம்ப ஆண்டுகளில் அவரைக் கம்ப்யூட்டரின் உதவி இல்லாமலே பழக்கினார். எது நல்ல நகர்வு என்று யந்திரம் சொல்லிவிட்டால், மூளை யோசிப்பதை நிறுத்திவிடும் என்பதே கருத்து. உலக சாம்பியனுக்கே அப்படியென்றால், கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு எப்படி?

ஒரு செஸ் பலகையும் காய்களும் சில நூறு ரூபாய்தான். அதற்குச் சார்ஜ் வேண்டாம். அழைப்பு வந்தாலும் ஆட்டம் கலையாது. எதிரே உட்கார அண்ணனோ, அக்காவோ, தாத்தாவோ கிடைப்பார்கள்.

சென்னையைச் சேர்ந்த வைஷாலியைப் பாருங்கள். டி.வி. பார்ப்பதைக் குறைப்பதற்காகவே பெற்றோர் அவரைச் செஸ் வகுப்பில் சேர்த்தார்கள். அக்கா ஆடுவதைப் பார்த்துத் தம்பி பிரக்ஞானந்தா கற்றார். இன்று இருவரும் கிராண்ட்மாஸ்டர்கள். அக்கா, தம்பி இருவரும் கிராண்ட்மாஸ்டர் ஆனது உலகிலேயே அதுதான் முதல் தடவை.

ஆகவே, போனைப் பையனிடம் கொடுத்துவிட்டுப் பெண்ணை அடுப்படிக்கு அனுப்பாதீர்கள். ஒரே போன் என்றால் இருவருக்கும் சம நேரம்!

எந்த வீட்டுக்கு எது?

ஒரே ஒரு போன்தான் வாங்க முடியும் என்றால்: 6½ அங்குலத் திரை, 5,000 எம்.ஏ.எச். பாட்டரி, வோல்ட்டி வசதி உள்ள சாதாரண விலை ஸ்மார்ட்போன். மிச்சப் பணத்தில் ஒரு செஸ் பலகை.

இன்னும் இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாக முடியும் என்றால்: அதோடு ஒரு பட்டன் போன். வீட்டு எண்ணை அதில் போட்டுவிடுங்கள். நாள் கணக்கில் சார்ஜ் நிற்கும். தாத்தா பாட்டிக்கும் எளிது. ஆட்டம் ஸ்மார்ட்போனில், அழைப்பு பட்டன் போனில் என்று தகராறு தீர்ந்துவிடும். ஆனால் 4ஜி பட்டன் போனாக வாங்குங்கள். ஜியோவுக்கு 2ஜி அலை கிடையாது. பழைய 2ஜி போனில் அந்த சிம் பேசாது.

பிள்ளை போட்டிகளில் ஆடி முன்னேறுகிறது என்றால்: பேச ஒரு பட்டன் போன், பயிற்சிக்கு ஒரு டேப்லட். முதல் நாளே டேப்லட் வாங்க வேண்டியதில்லை. ஆசை ஆறு மாதம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கலாம்.

பழைய போன் வாங்குகிறவர்கள், *#06# என்று தட்டி அதன் 15 இலக்க எண்ணைப் பாருங்கள். மத்திய அரசின் "சஞ்சார் சாத்தி" சேவையில் அந்த எண்ணைக் கொடுத்தால், அது முடக்கப்பட்ட போனா என்று தெரிந்துவிடும்.

எந்த போன் ஆனாலும், எந்தக் கம்பெனி அலை உங்கள் வீட்டுக்குள் நன்றாக வருகிறது என்று முதலில் பாருங்கள். ஜங்ஷனில் நன்றாகப் பேசும் சிம், மலையடிவாரத்து ஊரில் ஊமையாகிவிடலாம். பக்கத்து வீட்டார் போனை வாங்கி, அடுப்படியில் நின்று ஒரு முறை பேசிப் பார்த்தால் போதும்.

செஸ்ஸில் எத்தனை காய்கள் இருந்தாலும், காப்பாற்ற வேண்டியது ராஜாவை. வீட்டுப் போனில் ராஜா, அந்த அழைப்புதான். அதைக் காப்பாற்றிவிட்டு மற்றக் காய்களைத் தாராளமாக நகர்த்தலாம்.